ஐஸ் இளகிய அன்று நான் சொன்ன பொய்

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் மெல்பேர்ணுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழும்பில் எஞ்சினியராக வேலை பார்த்தவன் நான். இங்கே ஏறி இறங்கிய கந்தோர்களில் எல்லாம் "உள்ளூர் அனுபவம் இருக்கிறதா?" என்று ஒரே கேள்விதான். கடைசியில் எனக்கு வேலை கொடுத்தது ஒரு ஐஸ் அரங்கு. யாழ்ப்பாணத்தில் நான் ஐஸைக் கண்டது மீன் பெட்டிக்குள்ளும் சர்பத் கிளாசுக்குள்ளும்தான். இங்கே அதைத் தரையாகப் போட்டு, கத்தி பூட்டிய சப்பாத்துகளோடு அதன்மேல் மனிதர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தரை உருகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

தரைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குழாய்கள். அவற்றுக்குள் நன்றாகக் குளிரூட்டிய உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். யந்திர அறையில் எனக்கு மேலே ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தால் என்னை நிரந்தரமாக்குவதாக மனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் ஊரில் இருந்த மனைவியைக் கூப்பிட அவரிடம் கடிதம் வாங்கலாம். நான்கு மாதம் முடிந்திருந்தது.

அரங்கில் ஐஸ் ஹொக்கி ஆட வந்தவர்களில் ஒருவர் செக் நாட்டுக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். அவருடைய நாட்டில் ஹொக்கிதான் அவருக்குத் தொழில். பேருக்கு ஒரு இரும்பாலையில் தொழிலாளியாம். சம்பளம் வாங்குகிற அன்று மட்டும் ஆலைக்குப் போவாராம். ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆடிய மனிதர். ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்த வருடம், மனைவியோடு எல்லையைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தவர். இங்கே ஹொக்கிக்கு அநேகமாக யாரும் சம்பளம் தருவதில்லை. பகலில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, மாலையில் இருநூறு பேருக்கு முன்னால் ஆடினார். பயிற்சிக்கு வரும் நாட்களில் மட்டையால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, யந்திர அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். ஐஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் என் வேலையைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முக்கியமான ஆட்டம். சிட்னியில் ஒரு அணி அவரைச் சம்பளத்துக்கு எடுக்க யோசிப்பதாகவும், அவர்களுடைய ஆட்கள் அன்று பார்க்க வந்திருப்பதாகவும் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூத்த மெக்கானிக் காய்ச்சலில் வரவில்லை. யந்திர அறை முழுக்க என் பொறுப்பு.

காலையில் ஒரு குழாய் மூட்டில் கசிவு கண்டேன். அந்தப் பக்கத்து வால்வைப் பூட்டி, கசிவைத் திருத்தி, வால்வைத் திரும்பத் திறந்தேன். சக்கரம் ஒரு இடத்தில் இறுகி நின்றது. முழுக்கத் திறந்துவிட்டது என்று நினைத்து வந்துவிட்டேன். உண்மையில் பாதிதான் திறந்திருந்தது.

மூன்று பகுதிகளாக ஆடும் ஆட்டம் அது; இரண்டாம் இடைவேளையில்தான் கண்ணில் பட்டது. உப்புத் தண்ணீர் திரும்பி வரும் குழாய்களில் எப்போதும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். ஒரு குழாயில் மட்டும் அது கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் முழுப் பலத்தோடு வால்வைத் திறந்தேன். ஆனால் அந்தப் பக்கம் இளகிப்போன ஐஸ் திரும்ப இறுக ஒரு மணித்தியாலமாவது வேண்டும். ஆட்டம் திரும்பத் தொடங்கப் பத்து நிமிடம்கூட இல்லை.

நடுவரிடம் சொல்ல வெளியே வந்தேன். வழியில் மனேஜர் நின்றார். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டார். அந்த ஒரு நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது மனைவியைக் கூப்பிடும் கடிதம் மட்டும்தான்.

"எல்லாம் சரி" என்று சொன்னேன்.

மூன்றாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செக் நாட்டுக்காரரிடம் அவர்கள் அடித்து ஆடும் ரப்பர் வட்டு வந்தது. மூன்று பேரைத் தாண்டினார். வலப்பக்கம் சடாரென்று திரும்பினார். அவருடைய உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. கத்தி இளகிய ஐஸுக்குள் புதைந்து நின்றுவிட்டது. அவர் போட்ட சத்தம் கண்ணாடியையும் தாண்டி எனக்குக் கேட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மெல்பேர்ண் புறநகரான ஸ்பிரிங்வேலில் என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"நீர் ஒண்டும் கதையாதையும். விளையாட்டிலை விழுறது வழமைதானே? வேலை போச்செண்டால் அவவை எப்பிடிக் கூப்பிடுவீர்?"

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். இரண்டு நாள் நானும் அப்படியே இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து, தோடம்பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செக் நாட்டுக்காரருடைய காலில் தொடை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் மனைவி இருந்தார். முழங்காலில் அறுந்த தசைநார் இனிப் பழையபடி சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் கதிரையில்கூட உட்காரவில்லை. வால்வு, குழாய், மனேஜரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவருடைய மனைவி எழுந்து ஜன்னலோரம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

செக் நாட்டுக்காரர் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடினார். பிறகு தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"அந்த இடம் இளகியிருந்தது எனக்கும் தெரியும். இடைவேளைக்கு முன்பே காலில் தெரிந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சிட்னிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நானும் சொல்லவில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்ததும் கோபப்பட்டார்.

"என்னிடம் அழுது என்ன பிரயோசனம்? சனிக்கிழமை காலையில் அங்கே சின்னப் பிள்ளைகள் சறுக்க வருகிறார்கள். போய் மனேஜரிடம் சொல்."

நேராக அரங்குக்குத்தான் போனேன். மனேஜர் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். மேசையில் ஒரு அடி அடித்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். நிரந்தரமாக்குவதை இன்னும் ஆறு மாதம் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார், "இனிமேல் ஐஸில் ஏதும் பிழை கண்டால் என்னிடம்கூட வராதே. நேரே நடுவரிடம் போய் ஆட்டத்தை நிறுத்து."

செக் நாட்டுக்காரர் அதற்குப் பிறகு ஆடவில்லை. சிட்னி வாய்ப்பும் போய்விட்டது. ஆனால் இங்கே இருந்த அணி அவரை விடவில்லை, பயிற்சியாளராக்கியது. கையில் ஒரு தடியோடு நொண்டி நொண்டி வந்து, பையன்களை விரட்டி விரட்டி ஆட்டுவித்தார். என்னைக் கண்டால் பழையபடி தலையசைப்பார். அவருடைய மனைவி மட்டும் கடைசிவரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த குளிர்காலம் என் மனைவி வந்து சேர்ந்தாள். வந்து இரண்டாம் மாதம் ஒரு ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய், யந்திர அறைக்குப் பக்கத்து வாங்கில் இருத்தினேன். செக் நாட்டுக்காரரின் அணி இரண்டு கோல் முன்னால் இருந்தது. அந்த நேரம் ஒரு யந்திரம் திணறத் தொடங்கியது. கண்ணாடியால் பார்த்தேன். ஒரு மூலையில் ஐஸ் ஈரமாக மினுங்கியது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். ஐஸைச் சுற்றியிருந்த தடுப்பின் கதவைத் தட்டி நடுவரைக் கூப்பிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். சனம் கத்தத் தொடங்கியது. காகிதக் கோப்பைகள் பறந்து வந்தன. நடுவர் தயங்கினார். செக் நாட்டுக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார். தடியால் தங்கள் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து, வெல்லப் போகிற தன் பையன்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டார். அதைக் கண்டு மற்ற அணியும் வெளியே போனது. அடுத்த கிழமை அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். அவருடைய அணி தோற்றது. அதற்குப் பிறகும் என்னைக் கண்டதும் அவர் பழையபடி தலையசைத்தார்.

அன்று நான் திரும்பி வந்தபோது என் மனைவி மிரண்டுபோய் இருந்தாள்.

"என்னப்பா, இவ்வளவு சனமும் உங்களையே ஏசுது?"

"ஓம், என்னைத்தான்."

"பிறகேன் சிரிக்கிறியள்?"

அதற்குப் பிறகு எத்தனையோ யந்திர அறைகளில் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன்; பிழை ஒன்றைக் கண்டு வாய் திறக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம் வந்ததுதான், ஆனால் ஒருவர் தன் காலைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்த அந்தத் துணிவை நான் ஒரு நாளும் வீணாக்கவில்லை.