பச்சை டேப்பும் மஞ்சள் டேப்பும்

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் எழுந்தவுடன் டிரம்மையும் குடங்களையும் நிரப்பினேன். சோறு வடித்து, கத்தரிக்காய் வதக்கி, இரண்டு டப்பாக்களில் அடைத்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கணவருக்கு. அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மில் பஸ் தெருமுனைக்கு வந்ததும் அவர் கிளம்பினார். நான் துணிகளைக் காயப்போட்டுவிட்டு, திண்டுக்கல் நாகல் நகரில் ஷேர் ஆட்டோ ஏறி வேலைக்குப் போனேன். கவுன்டரைத் துடைத்தேன். டோக்கன் இயந்திரத்தில் காகிதச் சுருளை மாற்றினேன். மின்விசிறிக்கு நேராக வைத்தால் ரசீதுகள் பறக்கும். ஆகையால் அவற்றை இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். முதல் ஆள் வருவதற்குள் இவை முடிந்திருக்க வேண்டும், முடிந்திருந்தன.

எங்களுடையது விற்பனைக் கடை அல்ல. வாரன்டியில் இருக்கும் லேப்டாப்புகளையும் கணினிகளையும் பழுதுபார்த்துத் தரும் மையம். இரண்டு தயாரிப்பு நிறுவனங்களுக்காக அந்த வேலையைச் செய்கிறோம். அவற்றின் பெயர்களை எழுதப்போவதில்லை. ஒன்றிலிருந்து உதிரிபாகம் வரும் அட்டைப்பெட்டியில் பச்சை டேப் ஒட்டியிருக்கும், மற்றதில் மஞ்சள் டேப். எங்களுக்குள் பச்சை, மஞ்சள் என்றுதான் பேசிக்கொள்வோம். நான் கவுன்டரில் இருக்கிறேன். புகாரைக் கேட்டு, கணினியில் கேஸ் திறந்து, பாகத்துக்குச் சொல்லி, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது என் வேலை.

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூட என்னிடம் கேட்கிறார்கள், எந்தக் கம்பெனியின் சர்வீஸ் நல்லது என்று. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைபேசியில் தேடி, "பச்சைக்குத்தான் ஸ்டார் அதிகமா இருக்கு" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இருக்கும். அந்த நட்சத்திரங்கள் எப்படிப் பறிக்கப்படுகின்றன என்பதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் எஞ்சினியர் லேப்டாப்பின் கடைசி ஸ்குரூவை முடுக்கும்போதே கெஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

"அய்யா, லிங்க் வந்திருக்கும் பாருங்க. அஞ்சு ஸ்டார் அமுக்கிருங்க. நாலு போட்டா எனக்கு ஆப்பு வச்சுருவாங்க."

"செத்த நேரம் ஓட்டிப் பாத்துட்டுப் போடுறேனேப்பா."

"ஓட்டிப் பாருங்க, வேணாங்கல. மொதல்ல அமுக்கிட்டு ஓட்டிப் பாருங்க."

சிலரிடம் கைபேசியை வாங்கி அவரே அமுக்கிவிடுவதும் உண்டு. இப்படிச் சேர்ந்த நட்சத்திரங்களைத்தான் கல்யாண வீட்டில் எனக்கே காட்டுகிறார்கள்.

பச்சையை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். இலவச எண்ணுக்கு அழைத்தால் உடனே எடுப்பார்கள். நல்ல தமிழில், இனிமையாகப் பேசுவார்கள். மஞ்சளின் எண்ணை அழைத்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அழைத்தவருக்கு அது மனப்பாடமாகிவிடும். எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது. பாகமும் தாமதமாகத்தான் வரும். வெளியில் நின்று பார்க்கிற யாரும் பச்சைக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

உள்ளே நிலைமை வேறு. பச்சைக் கம்பெனி எங்களைக் குடும்பம் என்று அழைக்கிறது. பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பி, அதை வெட்டும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறது. 'ஒரே குடும்பம்' என்று நெஞ்சில் எழுதிய டி-ஷர்ட் வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு. எனக்கு அது இரவு உடைபோல் தொங்கியது, மேலாளருக்கு வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. மஞ்சள் கம்பெனி கேக்கும் அனுப்பாது, சட்டையும் அனுப்பாது. என் பிறந்தநாள் அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் ஒரு முறை எங்கள் எஞ்சினியர் அய்யலூருக்கு வேலையாகப் போனது ஆட்டுச் சந்தை நாளாக அமைந்துவிட்டது. சாலை முழுக்க ஆடும் வண்டியும். அன்றைக்கு அவரிடம் பச்சையில் ஒரு வேலை, மஞ்சளில் ஒரு வேலை. இரண்டுக்குமே நேரம் தவறிப் போனார். தாமதத்துக்குக் காரணம் பதிய வேண்டும். பச்சையின் செயலியில் மூன்றே காரணங்கள் இருக்கின்றன: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, வாடிக்கையாளர் தேதியை மாற்றினார், எஞ்சினியர் தாமதம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வழி அடைபட்டதையோ கம்பெனியின் தவறையோ சொல்ல நான்காவது வரி கிடையாது. எஞ்சினியர் தாமதம் என்று போட்டார், அந்த மாத ஊக்கத்தொகை குறைந்தது. மஞ்சளில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும், நாம் எழுதிக்கொள்ளலாம். அதில் 'ஆடு' என்று மட்டும் எழுதினார். மறுநாள் மஞ்சளின் மண்டல அதிகாரி அம்மா போன் செய்தார்.

"என்னப்பா, ஆடுன்னு போட்டிருக்க?"

"ஆமா மேடம். சந்தை. வழியே இல்ல."

"எத்தனை ஆடு?"

"எண்ணல மேடம். எண்ணியிருந்தா தூங்கியிருப்பேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டு, இனிச் சந்தை நாளில் அந்தப் பக்கத்துக்கு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அட்டவணையை மாற்றிவிட்டார். அய்யலூர்க்காரர்கள் அதற்கப்புறம் எஞ்சினியருக்காகக் காத்துக் கிடக்கவில்லை. ஒரு கம்பெனி வாடிக்கையாளரை எப்படி நடத்தும் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே வேலை செய்கிறவர் 'முடியவில்லை' என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் முடியாததெல்லாம் முடிந்ததாகவே எழுதப்படும்.

அன்றைய திங்களுக்கு வருகிறேன். அது காலாண்டின் கடைசி நாள். மாலைக்குள் பச்சையில் ஒரு கேஸ்கூடத் திறந்திருக்கக் கூடாது என்று மதுரையிலிருக்கும் மண்டல அதிகாரி காலையிலேயே குழுவில் எழுதியிருந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. தோல் வியாபாரக் கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தரும் ஒரு முஸ்லிம் பெண்மணியின் லேப்டாப். மதர்போர்டு போய்விட்டது. எங்கள் எஞ்சினியரே அவர் வீட்டுக்குப் போய்ச் சோதித்து உறுதி செய்திருந்தார். புது போர்டு கம்பெனியின் கிடங்கிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை. அந்த லேப்டாப்பின் வாரன்டி முடிவதும் அதே நாள்தான்.

விதி எளிமையானது. வாரன்டிக்குள் திறந்த கேஸ் திறந்தே இருக்கும்வரை, போர்டு எப்போது வந்தாலும் இலவசம். அது முடிந்ததாக மூடப்பட்டால் மறுநாள் அந்த மெஷின் வாரன்டி இல்லாத மெஷின். அதன் பிறகு போர்டுக்கு, லேப்டாப் விலையில் பாதியை அவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

மேலாளர் என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "அக்கா, ஒண்ணே ஒண்ணு தொங்குது. க்ளோஸ் பண்ணிருவோம்" என்றார்.

"போர்டு வரலையே."

"வரும்க்கா. இன்னைக்கு முடிஞ்சதுன்னு போட்டுட்டு, நாளைக்கு அதே பழுது திரும்ப வந்துருச்சுன்னு ரிப்பீட் கேஸ் புதுசா ஓபன் பண்ணிக்கலாம்."

வாரன்டி முடிந்துபோன வேறொரு மெஷினின் வரிசை எண்ணை அவர் கண்ணெதிரிலேயே அடித்தேன். ரிப்பீட் என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அமுக்கிக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா?"

"அதெல்லாம் மதுரைல பேசி வாங்கிரலாம்க்கா."

"பேச வேணாம். எழுதி வாங்கிக் குடுங்க."

அவர் நகர்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் எஞ்சினியர் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன வெஞ்சனம்க்கா?"

"கத்தரிக்கா. அந்தக் கேஸு திறந்திருந்தா உனக்கும் காசு போகும்ல?"

"போகும்." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான்க்கா. ஆனா சரியா இருக்குறதுக்குப் பச்சைல ஆப்ஷன் இல்லையே."

மாலையில் மதுரை அதிகாரி போனில் வந்தார். மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார். மற்ற ஊர்களெல்லாம் பூஜ்யமாம், திண்டுக்கல் மட்டும் ஒன்றாம். கேஸை மூட ஒரு வழிதான் இருந்தது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஓர் ஓடிபி எண் போகும், அவர் அதைச் சொன்னால் நாங்கள் பதிந்து மூடலாம். வேலை முடியாமலே எண்ணை அனுப்பும் வழியும் மேலாளருக்குத் தெரியும், எல்லா மேலாளர்களுக்கும் தெரியும். அனுப்பினார். மதுரை ஒரு போனில் காத்திருக்க, இன்னொரு போனில் அந்தப் பெண்மணியை அழைத்து, அதையும் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசுறோம். ஒரு நம்பர் வந்திருக்கும், சிஸ்டம் அப்டேட்டு. அதைச் செத்தச் சொல்லுங்க."

"பேங்க்குல யாருக்கும் நம்பர் சொல்லாதீங்கங்கிறாங்களேப்பா. உங்களை எனக்குத் தெரியாது. கவுன்டர்ல ஒரு அக்கா இருப்பாங்கள்ல, அவங்ககிட்ட குடுங்க. அவங்க கேட்டாச் சொல்றேன்."

மேலாளர் போனை என் பக்கம் நீட்டினார். முகத்தில் நிம்மதி. எஞ்சினியர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அந்தப் பெண்மணி என்னை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார். புகார் ரசீதைத் தேதியோடு எழுதிக் கொடுத்ததும், அன்று காலை அவர் விசாரிக்க வந்தபோது போர்டு வரவில்லை என்று உள்ளபடி சொன்னதும்தான் நான் அவருக்குச் செய்தவை. அந்த நம்பிக்கையைத்தான் என் கையில் கொடுத்து விலைபேசச் சொன்னார்கள்.

"அக்கா, நீங்களா? குரல் தெரியுது. நம்பரைச் சொல்லிரவா?"

"லேப்டாப் ஓடுதாம்மா?"

"எங்கக்கா ஓடுது? போர்டே வரலைன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க."

"அப்பச் சொல்லாதீங்க. உங்க கண்ணு முன்னாடி அது ஓடுற வரைக்கும் யார் கேட்டாலும் சொல்லாதீங்க. இன்னைக்குச் சொன்னா நாளைக்கு உங்களுக்கு வாரன்டி கிடையாது."

"இதால உங்களுக்கு எதுவும் வந்துராதேக்கா?" என்றார்.

"வரும். அதை நான் பாத்துக்கிறேன்."

"அல்லா உங்களை நல்லா வைப்பான்க்கா" என்று சொல்லி வைத்தார். இன்னொரு போனில் மதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு அது? கஸ்டமர்கிட்ட கம்பெனி விஷயம் பேசுறது?"

"கவுன்டர் சார்" என்றேன்.

"மேடம், நம்ம எல்லாம் ஒரு ஃபேமிலி. ஃபேமிலிக்குள்ள இப்படிப் பண்ணலாமா?"

"வீட்டுலயும் பொய் சொல்லச் சொன்னா சண்டைதான் சார் போடுவேன். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

எஞ்சினியர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். மதுரைக்குக் குரல் ஏறியது. "நாளைல இருந்து வர வேணாம்னு சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க சார். மெயில்ல சொல்லுங்க. போர்டு மாத்தாத மெஷினை மாத்தியாச்சுன்னு எழுத மாட்டேன்னாங்க, அதனால நிறுத்துறோம்னு காரணத்தையும் போட்டு அனுப்புங்க. பிரிண்ட் எடுத்து வச்சுக்கிறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மேலாளர் தலையில் கை வைத்தார். "என்னைய மாட்டி விட்டுட்டீங்களேக்கா."

"மாட்டி விடல. நாளைக்கு அந்தம்மா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா, வேலை முடிஞ்சதுங்கிற சீட்டுல உங்க கையெழுத்துதான் இருந்திருக்கும். மதுரைக்காரர் கையெழுத்து எங்கயாவது இருக்கா?"

வரிசை எண், பழுது, போர்டு வராத நிலை எல்லாவற்றையும் எழுதி, இந்தக் கேஸ் முடியவில்லை என்று பச்சையின் புகார் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அந்தப் பெண்மணிக்கும் ஒரு நகல் போட்டேன். கேஸ் திறந்தபடி இருக்க, விளக்குகளை அணைத்தோம்.

வீட்டில் கணவர் கேட்டார், "ஒரு நம்பருக்கா இம்புட்டு ரகளை?"

"உங்க மில்லுல கரன்ட் ஓடுற லைனை ஆஃப்னு எழுதுவீங்களா?"

"எழுதினா தொடுறவன் போய்ச் சேந்துருவான்டி."

"இங்க யாரும் சாக மாட்டாங்க. அதனாலதான் எல்லாரும் தைரியமா எழுதுறாங்க."

அவர், "வேலை போனா என்ன பண்ணுவ?" என்றார். தெரியாது என்றேன். போகட்டும் என்றும் சொன்னேன். பயம் இருந்தது, ஆனால் எண்ணை வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்மணி மறுநாள் கவுன்டருக்கு வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதைவிட இந்தப் பயத்தோடு இருக்கலாம்.

அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. மெயில் எதுவும் வரவில்லை. மையத்துக்குள் நுழைந்ததும் வேறு எதையும் தொடாமல், பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து அச்செடுத்து, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி கவுன்டர் கண்ணாடியில் ஒட்டினேன்: 'உங்கள் கணினி உங்கள் கண்முன் ஓடிய பிறகே ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள். முன்னதாக யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கவுன்டரில் இருக்கும் நான் கேட்டாலும் சொல்லாதீர்கள்.' மேலாளர் வந்து கிழிப்பார் என்று தெரியும். அதனால் பத்துப் பிரதிகள் எடுத்து வைத்தேன்.