சல்மா உம்மா தொழாதிருந்த நாலு மாதம்

சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து மூன்று குறுக்குத் தெரு உள்ளே வந்தால் சல்மா உம்மாவின் வீடு. 'வீடு' என்று சொன்னால் அவளே திருத்துவாள். முன்னுக்கு நிற்கும் மாடிவீடு மகள் முஸ்பிறாவுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. கலியாணம் முடிந்த கிழமையே தாயும் தகப்பனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நகர்ந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் அது, யாரும் அதைத் தியாகம் என்று பேசுவதில்லை. பின்வளவில் ஓர் அறை, ஒரு குசினி, கிணறு, குளிக்க ஒரு மறைப்பு. அந்த அறைக் கட்டிலில்தான் அவள் புருசன் முகைதீன்பாவா ஒன்றேகால் வருடமாய்க் கிடக்கிறார்.

ஊர்ப் பெண்களுக்குச் சல்மா உம்மாவை வேறு கோலத்தில் தெரியும். சுனாமி வந்த வருடம் பாடசாலைக் கட்டடத்தில் எல்லோரும் அகதியாய் ஒதுங்கியிருந்தபோது, அழுது களைத்த நாலு பெண்களை எழுப்பி வரிசையாய் நிறுத்தித் தொழவைத்தவள் அவள். அவளுடைய தங்கச்சியையும் அப்போதுதான் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த நாலு பேர் பின்னர் பத்தாகி, நாற்பதாகி, வியாழக்கிழமைப் பின்னேரம் தோறும் கூடும் கூட்டமானார்கள். நோன்பு மாதத்தில் தஸ்பீஹ் தொழுகைக்கு அவள்தான் முன்வரிசையின் நடுவில் நிற்பாள், மற்றப் பெண்கள் இரண்டு பக்கமும் பின்னாலும் நிற்பார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளு எடுக்கச் சரியாய்த் தெரியாமல் வந்து, இன்று பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பெண்கள் இந்தத் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். நாட்டியது காய்த்ததென்று சொல்லி அவள் பெருமைப்பட்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது, அதை மறைப்பானேன்.

முகைதீன்பாவா அப்படி இல்லை. இருபத்தாறு வருடம் வட்டவிதானையாய் இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யார் வாய்க்காலை யார் வெட்டினார் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, இரண்டு பெருநாள், அதற்கு மேல் பள்ளிவாசல் அவரை அதிகம் கண்டதில்லை. அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நீ தொழு புள்ள, எனக்கும் சேத்துக் கேளு" என்று சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். சேர்த்துத்தான் கேட்டாள், முப்பத்தொரு வருடம்.

கேட்டது கிடைத்தது. ஆனால் கிடைத்த விதத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் மாசியில் வயல் வரம்பில் விழுந்த மனுசனை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துபோனது. காலையில் என்ன தின்றோம் என்பதும் மறந்துபோனது. மறக்காமல் நின்றது ஒன்றுதான். தொழவேண்டும். அதையும் தொழுது முடித்த அடுத்த நிமிசம் மறந்துவிடுவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வளவுக்குக் கேட்கும் தூரத்தில் ஐந்து பள்ளிவாசல்கள். ஒன்றில் பாங்கு தொடங்கி முடியுமுன் அடுத்ததில் தொடங்கும், கடைசிப் பள்ளிவாசல் எப்போதும் ஏழெட்டு நிமிசம் பிந்தித்தான் சொல்லும். ஒவ்வொரு பாங்கும் முகைதீன்பாவாவுக்குப் புதுப் பாங்கு. ஒரு நடுப்பகல் லுஹருக்கு ஐந்து தரம் தொழ வெளிக்கிடுவார். ஊர் இதைக் கேட்டு உருகியது. அல்லாஹ் நேர்வழி காட்டி ஹிதாயத்துக் கொடுத்துவிட்டான் என்று வந்து பார்த்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வுளுச் செய்துவிடுகிறவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பேசினைக் கட்டிலில் வைக்கவேண்டும். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து ஆளை நிமிர்த்தவேண்டும். செத்த கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றி, நல்ல கைக்கு ஊற்றி, முகம் கழுவி, கால் இரண்டையும் கழுவி, நனைந்த சாறனை மாற்றி, மூத்திரப் பையைத் தள்ளி வைத்து, மக்காவை நோக்கிக் கிப்லாப் பக்கம் திருப்பி இருத்தவேண்டும். ஆள் எண்பது கிலோ. அவளுக்கு ஐம்பத்தேழு வயது, இழுப்பும் இருக்கிறது. மகள் முஸ்பிறா பகலில் சம்மாந்துறையில் படிப்பிக்கிறாள், வீட்டில் கைக்குழந்தை. சோறு கறி முன்வீட்டிலிருந்து தவறாமல் வரும். ஆனால் தகப்பனின் துப்பரவு வேலையை மகளைக் கொண்டு செய்விக்கச் சல்மா உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. வெட்கம் அவருக்கும் இருக்கும் என்று நினைத்தாள்.

இப்படி இருக்கையில்தான் அவளுடைய தொழுகை போனது. ஒரேயடியாய்ப் போகவில்லை. ஒரு நாள் பின்னேர அஸருக்குக் குளித்து உடுப்பு மாற்றி முஸல்லாப் பாயை விரித்தவள், தக்பீர் கட்டித் தொழத் தொடங்குமுன் அவர் கூப்பிடும் சத்தம் கேட்டுப் போனாள். பை கசிந்திருந்தது. துடைத்துவிட்டு வந்து பார்த்தால் சட்டையின் கீழ்க்கரையில் ஈரம். அசுத்தம், நஜீஸ் பட்ட உடுப்போடு தொழுவதா? திரும்பக் குளிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அரைகுறையாய்த் தொழுவதைவிடப் பிறகு விட்டதைக் களாவாக, நிதானமாய், மனம் ஒன்றித் தொழலாம் என்று தள்ளிவைத்தாள். தொழுகையைப் பெரிதாய் மதிக்கிறவள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. மதியாதவள் அப்படியே நாலு தரம் குனிந்து நிமிர்ந்துவிட்டுப் போயிருப்பாள்.

பிறகு என்ற அந்த நேரம் வரவேயில்லை. ஒரு வக்துத் தொழுகை இரண்டானது, ஒரு நாள் ஒரு கிழமையானது. இரண்டாம் மாதத்தில் எத்தனை களா என்று நினைவில் வைப்பதையும் விட்டுவிட்டாள். முஸல்லா கட்டிலுக்கு எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கியபடி கிடந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் போகவில்லை. நோயாளியை விட்டுவிட்டு வரமுடியாதுதானே என்று பெண்கள் அவளுக்காகத் தாங்களே காரணம் சொல்லிக்கொண்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் "சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க" என்றார்கள். அவளும் தலையாட்டினாள். தானே எத்தனை பேருக்குச் சொன்ன சொல், இப்போது கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். உடுப்பு ஒரு சாட்டுத்தான். அவளுக்குக் கோபம். முப்பத்தொரு வருடம் ஒருவனிடம் ஒன்றைக் கேட்டு, அவன் அதைக் கேட்டவளின் முதுகை ஒடித்துத் தந்தால் யாருக்கும் கோபம் வரும். கேட்டவளின் தொழுகையை எடுத்துக் கேளாதவனிடம் கொடுத்துவிட்டானே என்று பொறாமையும் வந்தது. அல்லாஹ்வோடு கோபம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் பயந்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு லுஹர் நேரம், மூன்றாவது பள்ளிவாசலின் பாங்கு கேட்டு அவர் எழும்ப வெளிக்கிட்டபோது, "தொழுதிட்டீங்க" என்றாள். அவர் தொழுதிருக்கவில்லை. முதல் இரண்டு பாங்குக்கும் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படியே நம்பி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, "நீயும் தொழுதிட்டியா புள்ள?" என்று கேட்டார். அவள் "ஓம்" என்றாள். அதன்பிறகு வேலை குறைந்தது. மனம் மட்டும் பாறாங்கல்லாய்க் கனத்தது.

நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் பஸ்மிலா இன்னும் இரண்டு பெண்களோடு வந்தாள். வுளுவிலிருந்து எல்லாம் இவளிடம் பழகியவள் பஸ்மிலா, இப்போது வியாழக்கிழமைக் கூட்டம் நடப்பது அவள் வீட்டு மண்டபத்தில். பிளாஸ்டிக் கதிரைகளில் வாசலோடு இருந்துகொண்டு, இந்த வருடத் தஸ்பீஹ் தொழுகைக்குச் சல்மா ராத்தாதான் நிற்கவேண்டும் என்றாள். அந்த இரண்டு மணித்தியாலம் முகைதீன்பாவாவைப் பார்க்கத் தன் புருசனை அனுப்புவதாகவும் சொன்னாள். வட்ஸ்அப் குறூப்பில் எல்லோரும் அதையே கேட்கிறார்களாம்.

சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்? சல்மா உம்மா இழுப்பு என்றாள், முழங்கால் என்றாள். கதிரையில் இருந்தாவது தொழுவியுங்கள் என்றார்கள். அப்போது கட்டிலிலிருந்து முகைதீன்பாவா சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சொல் தெளிவாய்த்தான் விழுந்தது.

"அவ தொழுறல்ல. முஸல்லா அந்த ஆணியிலயே கிடக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் கிடக்கன்."

வந்த பெண்களில் ஒருத்தி நிலத்தைப் பார்த்தாள். பஸ்மிலாதான் சமாளித்தாள், பாவம், அவருக்கு எல்லாம் மறதிதானே என்று. மூன்று பேரும் சல்மா உம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு சிரிப்பை வரவழைத்தாள்.

"ஓம் கா, அவருக்கு ஒண்டும் நினவில்ல" என்றாள். தொழுவிக்க வருவதாகவும் ஒத்துக்கொண்டாள்.

பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் கோப்பைகளைக் கழுவக் கிணற்றடிக்குப் போய், கழுவாமல் நின்றாள். இதுவரை சொன்ன பொய்கள் நாலு சுவருக்குள் இருந்தன. இன்று தன் பெயரைக் காப்பாற்ற, எழும்பமுடியாத ஒரு மனுசனை ஊர் முன்னால் புத்தி இல்லாதவனாக்கிவிட்டாள். அதுவும் அவர் உண்மை சொன்ன இடத்தில். ஊருக்கு உபதேசம் பண்ணின வாய் இது என்று நினைத்து, தன் வாயிலேயே ஒரு அடி போட்டாள்.

உள்ளே அவர் எல்லாவற்றையும் மறந்து முடித்திருந்தார். அவளைக் கண்டதும், அஸர் தொழுதாயிற்றா என்று கேட்டார். அஸருடைய நேரம் முடியப்போகும் தறுவாய். தொழுதிட்டீங்க என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல. நீங்களும் தொழல்ல, நானும் தொழல்ல. நாலு மாசமா நான் தொழுறல்ல. நீங்க சொன்னது சரிதான்."

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் கோபிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை.

"அப்ப வா, ரெண்டு பேரும் தொழுவம்" என்றார்.

அவள் சட்டையைப் பார்த்தாள். கீழ்க்கரையில் ஒரு கையளவு ஈரம். குளிக்கப் போனால் திரும்பி வரமாட்டோம் என்று தன்னை அறிந்திருந்தாள். கிணற்றடிக்குப் போய் அந்த இடத்தில் மட்டும் மூன்று குவளை தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வேலை இவ்வளவுதான். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், நாலு மாதமாய் இதைச் செய்யவில்லை.

அவருக்கு வுளுச் செய்வித்து, தானும் செய்துகொண்டு, கட்டிலுக்குப் பின்னால் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் நின்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குப் பின்னால் நின்று அவள் தொழுததில்லை. அவர் ஒருநாளும் முன்னால் நின்றதில்லையே. இருந்தபடியே அவர் தக்பீர் கட்டினார். முதல் றக்அத்து முடிந்ததும் சத்தமில்லை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. இமாம் பிழைவிட்டால் பின்னால் நிற்கும் பெண் வாய் திறக்கக்கூடாது, கையால் மற்றக் கையின் புறத்தில் தட்டவேண்டும். அவள் தட்டினாள். அவர் திடுக்கிட்டு அடுத்த தக்பீர் சொன்னார். இரண்டாவதில் ஒரு தட்டு, மூன்றாவதில் ஒரு தட்டு. நாலு முடிந்த பிறகு ஐந்தாவதுக்குக் கிளம்பியவரை இரண்டு தட்டுத் தட்டி இருத்தினாள். ஆழக் கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி ஒரு தொழுகை. மனம் ஒன்றவில்லை, கண்ணீர் வரவில்லை. முழங்கால் வலித்தது. கடைசிச் சுஜூதில் நெற்றியை வைத்தபோது மட்டும் முதுகுக்கு ஆறுதலாயிருந்தது, அதனால் கொஞ்சம் கூட நேரம் கிடந்தாள்.

சலாம் கொடுத்த பிறகு அவர் நல்ல கையை ஏந்தினார். ஒரு துஆவும் அவருக்கு நினைவு வரவில்லை. "நீ கேளு புள்ள" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள். மனப்பாடமாய் இருந்த நீண்ட அறபு துஆக்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. அவற்றில் ஒன்றையும் சொல்ல அவளுக்கு விருப்பம் வரவில்லை.

"யா அல்லாஹ், எனக்கு ஏலாம இரிக்கி."

"ஆமீன்" என்றார் முகைதீன்பாவா.

"இந்த மனிசனத் தூக்கித் தூக்கி என்ட முதுகு போயிட்டு. உன்னோட எனக்குக் கோவம். அதாலதான் நாலு மாசமா வரல்ல."

"ஆமீன்."

"பஸ்மிலாட்டப் பொய் சொன்னன். நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லணும், அதுக்கு எனக்கு முகம் இல்ல."

"ஆமீன்" என்றார் அவர், இன்னும் உரமாய்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முன்வீட்டில் குழந்தை கத்தும் சத்தமும், முஸ்பிறா குசினியில் எதையோ போட்டு உருட்டும் சத்தமும் கேட்டன. பொழுதுபடும் மஃரிபுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. அவர் நல்ல கையை ஏந்தியபடியே காத்திருந்தார். சல்மா உம்மா மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் கைகளை ஏந்தினாள். நாலு மாதத்துக் கதை, இன்னும் நிறையச் சொல்லக் கிடந்தது.