ஏரிக்கரையில் மறுபடி ஓடக் கற்றேன்

சில வருடங்களுக்கு முன்பு கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். கணவர் இறந்துவிட்டார். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எப்படியோ படித்துக் காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. அதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கணவரை இழந்தவள் என்பதால் கிடைத்த வயதுச் சலுகையும் அந்த வருடத்தோடு முடிகிறது. விட்டால் மறுபடி கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஓடியதோடு சரி. ஆனாலும் வெள்ளனே எழுந்து ஏரியைச் சுற்றும் சாலையில் ஓடத் தொடங்கினேன். பனியில் எதிரே வரும் ஆள் தெரியாது. குதிரைச் சாணியை மிதித்து வழுக்கும். ஓடி முடித்து மகளைக் கிளப்பிவிட்டு விடுதிக்குப் போனால், மாலை வரை மெத்தையைத் தூக்கு, விரிப்பை மாற்று, குளியலறையைத் தேய் என்று உடம்பு ஓய்ந்துவிடும். நிறைய ஓடினால் வேகம் வரும் என்று நினைத்தேன். வேகம் வரவில்லை, வலிதான் வந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஊசி ஏற்றுவது போல ஒரு வலி.

ஒருநாள் வலி தாங்காமல் கரையோரப் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு பெண் ஓடி வந்து என் முன்னால் நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாக இருப்பாள். தினமும் என்னைத் தாண்டிப் போகிறவள்தான்.

"அக்கா, ஒரு வாரமாப் பாக்குறேன். ஒங்க கால் ஒடம்புக்கு முன்னால போயி விழுகுது. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால்ல பிரேக் போடுறீங்க. அப்புறம் எலும்பு என்னக்கா செய்யும்?"

அவளுக்கு ஊர் கன்னிவாடிப் பக்கம். கல்லூரியில் ஓட்ட வீராங்கனையாக இருந்து, முழங்காலில் அடிபட்டு, ஓடுவதை முதலிலிருந்து பழகியவள். இங்கே ஒரு சாக்லேட் கடையில் விற்பனை வேலை. இதெல்லாம் போகப் போகச் சொன்னாள். அன்றைக்கு, "கொஞ்ச நாளைக்கு ஓட்டத்த விடுங்க, நாளைக்கு வெறுங்காலோட புல்லுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பனி ஈரத்தில் செருப்பில்லாமல் நின்றபோது பாதம் மரத்துப்போனது. முழுசாகக் குந்தி, கையை ஊன்றாமல் எழச் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். பிறகு கையும் காலும் ஊன்றி, முழங்கால் தரையில் படாமல் கரடி மாதிரி நடக்கச் சொன்னாள். குதிரைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. ஏற்கெனவே செத்த உடம்பு, இதில் இது வேறா?

"போலீஸ் தேர்வுக்கு எனக்கு ஓட்டம்தாம்மா வேணும். இதெல்லாம் செய்ய எங்க தெம்பு இருக்கு?"

"தனியாச் செய்ய வேணாங்க்கா. மெத்தையத் தூக்கையில முதுக வளைக்காம இடுப்ப மடிச்சுத் தூக்குங்க. துணி மூட்டைய ஒரு கையில புடிச்சு, சாயாம நடங்க. இடுப்பும் பின்தொடையும் உறுதியானாத்தான் கால் சொன்னபடி கேக்கும்."

அப்படியே செய்து பார்த்தேன். அறை அறையாகக் குனிந்தும் மாலையில் இடுப்பு முன்போல் பிடித்துக்கொள்ளவில்லை. வலி குறைந்த பிறகுதான் என்னை ஓடவிட்டாள். எட்டு சின்னதாக இருக்க வேண்டும், வெரசாக இருக்க வேண்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். தோளைத் தளர்த்த வேண்டும். பக்கத்திலேயே ஓடி வந்து, "சத்தம் கேக்குதுக்கா, மெதுவா விழுகட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மே மாதக் கூட்டத்தில் விடுதி நிரம்பி வழிந்தது. ஒருநாள் காலை ஏரிக்கு வந்தும் என்னால் நிற்கக்கூட முடியவில்லை. "போதும்மா. இந்த வேலையே எனக்கு எழுதியிருக்கு, விட்டுரு" என்றேன்.  அவள் இரண்டு டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரிக்கா, இன்னைக்கு ஓட வேணாம்" என்றாள். குடித்து முடித்ததும் அவரவர் வேலைக்குப் போனோம். அடுத்த நாள் நானாகவே வந்துவிட்டேன்.

தேர்வன்று திண்டுக்கல் மைதானத்தில் போய் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குளிரில் பழகிய உடம்பு, வரிசையில் நிற்கும்போதே வியர்த்துக் கொட்டியது. எனக்கு நாலைந்து பேர் முன்னால், நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு அவள் நின்றாள்.

 இத்தனை நாளும் அவள் எதற்காக ஓடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. என் களைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது.

"ஏம்மா, நீயும் இதுக்குத்தானா? ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீங்க எங்கிட்ட வந்திருக்க மாட்டீங்கக்கா" என்று சிரித்தாள். "எனக்கும் வயசு முடியுது, இது கடைசித் தடவதான். தோளத் தளத்திக்கிட்டு ஓடுங்க."

அவள் முன்னால் பறந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கடைசி வளைவில் மூச்சு அடைத்தது. கால் மட்டும் வலிக்கவில்லை, உடம்புக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தது. நேரத்துக்குள் கோட்டைத் தொட்டுவிட்டேன். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றே நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் முடிந்தன. இரண்டு பேரும் ஒரே பேருந்தில் மலை ஏறினோம். பாதி வழியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இறுதிப் பட்டியலில் என் எண் இருந்தது. அவள் எண்ணைத் திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் அவள் பின்தங்கியிருந்திருக்கிறாள்.

போன் செய்தேன். பட்டியலை அவளும் பார்த்திருந்தாள். "விடுங்கக்கா, ஒங்களுக்குக் கெடச்சிருச்சுல்ல. பாப்பாவ நல்லாப் படிக்க வைங்க" என்றாள். குரல் அலுத்திருந்தது.  என்னால் அழத்தான் முடிந்தது.

இப்போது அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள். எப்போதாவது பேசுவோம். "காலையில ஓடுறியா?" என்று கேட்டேன். "எங்கக்கா, சோலி முடிஞ்சு வந்து படுக்கவே நேரம் சரியா இருக்கு" என்றாள். நான் பழனியில் திருவிழாப் பாதுகாப்புக்குப் போனால், கூட்டத்துக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிறேன். உடம்பு சோர்ந்துதான் போகிறது, ஆனால் கால் என்னைக் கைவிடுவதில்லை.

எனக்கு ஓடத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்து, நானும் அவளும் அதே வேலைக்காக அந்தக் கரையில் ஓடியிருந்தால், அழுதுகொண்டிருந்தவள் முன்னால் நான் நின்றிருப்பேனா, தாண்டிப் போயிருப்பேனா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன். நின்றிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.