முருகனுக்குப் பின்னால் ஒரு மீன்காரி

"அப்படியே நில்லுங்க... அசையாதீங்க!"

கத்தியது நான்தான். இடம், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே. நேரம், போன சனிக்கிழமை காலை. என் கத்தலில் பாதிப் படியிலேயே உறைந்து நின்றவர் ராசன் அண்ணை. பாவம், காலுக்கடியில் பாம்பு ஏதும் கிடக்கிறதோ என்று குனிந்து வேறு பார்த்தார். லண்டனில் ஏது பாம்பு?

அவர் கையில் மூன்றடி உயர முருகன் படம். சாமி அறைக்கு பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கழற்றிக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்தார். பழைய காலத்துத் தங்க நிற பிரேம், நல்ல கனம். முருகனின் முகம் அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்க, படத்தின் முதுகு என் பக்கம் இருந்தது.

அந்த முதுகில்... பழுப்பேறிய கேன்வாஸ். அதில் சிவப்பு பெயின்டில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு நம்பர் — 47.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு நம்பரைப் பார்த்து இந்த ஆட்டமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் ரிட்டயர் ஆன முதல் மாதமே என் மனைவி வசந்தா ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். வாரத்தில் இரண்டு நாளாவது நான் வீட்டில் இருக்கக் கூடாது! அப்படித்தான் கிங்ஸ்பரியிலிருந்து ரயில் மாறி, லூயிஷாம் பக்கம் ஒரு சின்ன மியூசியத்துக்குச் சம்பளமில்லாத உதவியாளனாகப் போய்ச் சேர்ந்தேன். டீ போடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மார்கரெட்டிடம் ஒப்படைத்தார்கள்.

மார்கரெட்டுக்கு எழுபத்தாறு வயது. ஸ்கூல் டீச்சராக இருந்தவர். அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. பதினோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை — ஹெஸ்டர் பிளம்லி என்ற பெண் ஓவியரின் படங்களையெல்லாம் தேடிப் பிடித்து, ஒன்று விடாமல் கேட்டலாக் போடுவது. ஹெஸ்டர் விக்டோரியா மகாராணி காலத்து மனுஷி. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். யாருமே கேள்விப்பட்டதில்லை, அதுதான் பிரச்னையே.

ஹெஸ்டர் வரைவார். அண்ணன் எட்மண்ட் கீழே தன் கையெழுத்தைப் போட்டு விற்பார். பெண் வரைந்தது என்று தெரிந்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று வீட்டுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் ஹெஸ்டர் விவரமானவர். வரைந்த ஒவ்வொரு படத்தையும் ஒரு நோட்டில் நம்பர் போட்டு எழுதினார். அதே நம்பரைப் படத்தின் பின்பக்கம், சிவப்பு வட்டத்துக்குள்... புரிகிறதா?

அதனால் மார்கரெட் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், படத்தின் முகத்தைப் பார்க்காதே, முதலில் முதுகைப் பார் என்பது. பேனா கூடாது, பென்சில்தான். கையுறை போட்டு, படத்தைக் கவிழ்த்து வைத்து, கேன்வாஸ் கடைக்காரனின் முத்திரை, ஆணி ஓட்டை, கிழிந்த லேபிள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத வேண்டும். அளவெடுக்கும்போது பிரேமைச் சேர்க்கக் கூடாது. முதல் வாரம் நான் சேர்த்துவிட்டேன். அத்தனை படங்களையும் மறுபடி அளக்க வைத்தார் புண்ணியவதி.

பழக்கம் தொற்றிக்கொண்டது. பல் டாக்டர் கிளினிக்கில் சுவரில் மாட்டியிருந்த படத்தை லேசாகத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்து, ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். வசந்தா அன்றைக்கு என்னைத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட்டலாக் புத்தகமாக அச்சுக்குப் போகும் நாள் இந்தத் திங்கட்கிழமை. அட்டையில் யார் பெயர் போடுவது? அங்கேதான் சிக்கல். படித்தவர்கள் இரண்டு பேர் மியூசியக் கமிட்டியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். வரைந்ததெல்லாம் அண்ணன்தானாம், தங்கை சும்மா லிஸ்ட் எழுதி வைத்தவளாம். இல்லை என்று நிரூபிக்க மார்கரெட்டிடம் ஹெஸ்டர் கையெழுத்துப் போட்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்று கிடைத்தால் 'ஹெஸ்டர் பிளம்லியின் ஓவியங்கள்'. கிடைக்காவிட்டால் 'எட்மண்ட் பிளம்லியும் தங்கையும்'. பதினோரு வருட உழைப்பு, கடைசியில் ஒரு 'தங்கையும்'! மார்கரெட் அதைச் சொன்ன அன்று எனக்கே அழுகை வந்தது.

நோட்டில் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ஹெஸ்டர் குறிப்பு எழுதியிருக்கிறார்: 'மழையில் மீன்காரி. விற்பதற்கல்ல. இது என்னுடையது.' அண்ணன் கைக்கே போகாத படம். ஹெஸ்டரின் கையெழுத்து எங்காவது இருந்தால் அதில்தான் இருக்க வேண்டும். அதை மட்டும் காணவில்லை. அதன் நம்பர் நாற்பத்தேழு.

இப்போது சொல்லுங்கள், நான் கத்தியது தப்பா?

நான் அந்த வீட்டுக்குப் போனது மட்டன் ரோல்ஸ் வாங்க. ராசன் அண்ணையும் செல்வி அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஜெர்மனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். வாசலில் நிற்கும் வேனில் பெரிய எழுத்தில் 'ராசன் கேட்டரிங்' என்று இருக்கும். சமைப்பது முழுக்க செல்வி அக்கா, ஓட்டுவது ராசன் அண்ணை. அக்கா என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். கணக்கு உதைக்கும், விடுங்கள்.

படத்தை வாங்கிச் சோபாவில் சாய்த்து வைத்தேன். பிரேம் ஏது என்று கேட்டேன். லண்டனுக்கு வந்த புதிதில் கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் ஒரு 'கார் பூட் சேல்' சந்தையில் வாங்கினாராம். அவரிடம் இருந்த முருகன் படத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியதாம். உள்ளே இருந்த பழைய படத்தை எடுத்தெறியாமல், பின்னால் பலமாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் முருகனை வைத்துக் கண்ணாடி போட்டுவிட்டாராம்.

"உள்ள என்ன படம் அண்ணை?" என்றேன்.

ராசன் அண்ணை யோசித்தார். ஏதோ கறுப்பாக ஒரு படம், ஞாபகமில்லை என்றார். சமையலறைக்குள்ளிருந்து செல்வி அக்கா சொன்னார்:

"மீன்காரி."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கெல்லாம் மார்கரெட் பார்க்கிங் வந்து இறங்கிவிட்டார். வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார். கையில் டேப், பென்சில், கையுறை. நேராகச் சோபாவுக்குப் போனார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

திறக்கலாமா என்று ராசன் அண்ணை ஸ்க்ரூ டிரைவரோடு தயார். அப்போதுதான் செல்வி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். திறக்கக் கூடாது என்றார். விசா இல்லாமல் தவித்த நாளில் அவர் அழுதது இந்த முருகனிடம். மகளுக்கு ஆபரேஷன் என்று விழுந்து கும்பிட்டது இந்த முருகனிடம். இருபது வருடமாகப் பூசையில் இருக்கிற படத்தை ஒரு மீன்காரிக்காகப் பிரிப்பதா?

ராசன் அண்ணை உடனே கோயில் ஐயருக்கு போன் போட்டார். ஐயர் அரை நிமிடத்தில் தாராளமாகத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"ஐயருக்கென்ன? விளக்கு வைக்கிறது நானெல்லோ," என்றார் அக்கா.

முடிந்தது கதை. நான் மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்தேன். அவர் வற்புறுத்துவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அது அந்த அம்மாவின் சாமி, அவர் வேண்டாமென்றால் வேண்டாம் என்றார். முதுகை மட்டும் அளந்துகொள்ளலாமா என்று கேட்டார். தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஆணி ஓட்டை ஆணி ஓட்டையாகப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். நாளைக்கு அச்சு. அட்டையில் எட்மண்ட்.

அதையே பார்த்துக்கொண்டிருந்த செல்வி அக்கா என்னிடம் கேட்டார், இந்த மனுஷி இவ்வளவு பாடுபட்டு என்னத்தைத் தேடுகிறா என்று. நான் ஹெஸ்டர் கதையைச் சொன்னேன். ஆயுசு முழுக்க வரைந்தவர் ஹெஸ்டர், பெயர் போட்டுக்கொண்டவர் அண்ணன், இந்த ஒரு படத்தில்தான் ஹெஸ்டரின் பெயர் இருக்கலாம் என்று.

"எல்லாம் வரைஞ்சது இவவோ?"

"ஆமாக்கா."

"ஒண்டிலையும் இவவின்ரை பேர் இல்லையோ?"

"இல்லக்கா."

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வேனைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்க் கற்பூரம் கொண்டுவந்தார். கொளுத்தி, மூன்று தரம் காட்டி, கண்ணை மூடிச் சொன்னார்:

"அப்பனே, பின்னுக்கு ஒரு பிள்ளை கனகாலமா நிக்கிறாள். குறை நினையாதை."

திரும்பி, ராசன் அண்ணையைப் பார்த்து, "கழட்டுங்கோ" என்றார்.

படத்தைப் போர்வைமேல் கவிழ்த்தோம். ராசன் அண்ணை முதல் ஆணியை வளைக்கும்போது ஏதோ ஞாபகம் வந்தவராக நிறுத்தினார். முருகன் வழுக்காமல் இருக்க, அன்றைக்கு நாலு மூலைக்கும் நல்ல பசை வைத்து ஒட்டினேனே என்றார். நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் முகத்தில் ரத்தமே இல்லை. கையெழுத்து எங்கே இருக்கும்? மூலையில்தானே இருக்கும்! கேன்வாஸைத் தூக்கினால் பெயின்ட் உரிந்து வரும். தூக்காவிட்டால் எதுவும் தெரியாது.

"தூக்குங்கோ, ஒண்டும் ஆகாது," என்றார் செல்வி அக்கா.

மார்கரெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். கேன்வாஸ் தனியாக வந்துவிட்டது, வாழை இலையை எடுப்பதுபோல! பிரேமுக்குள் எட்டிப் பார்த்தால்... மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டுத் துணி. பசையெல்லாம் அந்தத் துணியில்தான். முருகன் துணியோடும் கண்ணாடியோடும் பிரேமுக்குள் பத்திரமாக இருந்தார். ஓர் அங்குலம் அசையவில்லை.

துணி எப்படி வந்தது? அன்றைக்கு ராசன் அண்ணை கண்ணாடி துடைக்கப் போன நேரத்தில், அக்கா செய்த வேலை. முருகனை நேரே மீன் கூடைமேல் இருத்தலாமா? அபச்சாரமில்லையா? அதனால் புதுத் துணி கிழித்து, மூலையில் மஞ்சள் தொட்டு, நடுவில் விரித்திருக்கிறார். ராசன் அண்ணை அதன் மேல்தான் பசை தடவியிருக்கிறார். மனுஷனுக்கு அது சுத்தமாக மறந்தேபோய்விட்டது. இருபது வருடமாக ஒரு ஓவியத்தைத் தூசியும் பசையும் அண்டாமல் காப்பாற்றியது இரண்டு முழப் பட்டு!

பசை என்றதும் எங்களுக்கெல்லாம் உயிர் போய் உயிர் வந்ததே, துணி இருப்பதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே அண்ணை."

கேன்வாஸைத் திருப்பினார் மார்கரெட். மழை. ஈரத் தெரு. சிவப்புச் சால்வை போட்ட மீன்காரி ஒருத்தி, இடுப்பில் கூடையோடு, எந்த விலைக்கும் இறங்கி வர மாட்டேன் என்பதுபோல் நேராக நம்மைப் பார்க்கிறாள். வலது பக்கக் கீழ் மூலையில், தள்ளி நின்றாலும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், சிவப்பில் — ஹெஸ்டர் பிளம்லி.

மார்கரெட் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தரமும் படித்தார். பிறகு செல்வி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவும் அழுதார். நானும்தான், எனக்கென்ன வெட்கம்? ராசன் அண்ணை டீ போடப் போனார். அந்த வீட்டில் அவர் டீ போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அட்டையில் ஹெஸ்டர் என்று கமிட்டி அன்று மாலையே ஒப்புக்கொண்டது. அதற்கு முன், டீ குடித்த கையோடு, மார்கரெட் நாற்பத்தேழாம் நம்பர் தாளை எடுத்தார். அளவு, பிரேம் சேர்க்காமல். நிலை, மிக நன்று. படம் யாரிடம் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி நிமிர்ந்தார்.

"ராசன் எண்டு போடுங்கோ," என்று ஆரம்பித்தார் ராசன் அண்ணை.

அக்கா மார்கரெட்டின் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். "விடுங்கோ. நான் எழுதுறன்."

செல்வராணி. நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினார். எத்தனையோ வருடப் பழக்கம், எனக்கு அன்றைக்குத்தான் அவர் முழுப்பெயரே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, வாராவாரம் பத்திரிகையில் வரும் என் பத்திக்காக ஒரே மூச்சில் இதையெல்லாம் எழுதி வசந்தாவிடம் நீட்டினேன். வசந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "இந்தப் பத்தி எத்தனை வருஷமா வருது?"

ஏழு வருடம் என்றேன். 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு டைப் செய்ய ஆரம்பித்தாள்.

என் கோழிக் கிறுக்கலைப் படித்து, ஏழு வருடமாக இந்தப் பத்தியை வாராவாரம் டைப் செய்து, தப்பைத் திருத்தி, நேரத்துக்கு அனுப்பிவைப்பவர் — வசந்தா.