அண்ணி நிறுத்திய ஷிப்ட் பஸ்

ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையை மேலே தூக்கியபடி மண்ணூர்ச் சாலையின் நடுவில் அண்ணி நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எதிரே தொழிற்சாலை ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. 1991ஆம் வருடம், நல்ல உச்சி வெயில். துணிப்பையோடு பக்கத்தில் நான், அப்போது கல்யாணமாகாத நாத்தனார்.

அண்ணி அதிர்ந்து பேசாதவர். மூத்த குழந்தையைப் பறிகொடுத்த பிறகு இருந்த பேச்சும் குறைந்துபோனது. அது குறையில்லாமல்தான் பிறந்தது. மறுநாளே பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. முனகிக்கொண்டே இருந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணமும் கடைசியில் அண்ணியிடமே வந்து நின்றது.

மறுபடி உண்டானபோது ஸ்ரீபெரும்புதூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். முதல் குழந்தையின் கதையை அவர் குறுக்கிடாமல் கேட்டார். மாதம் நெருங்கியதும், பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து மெட்ராஸுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அண்ணி கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. கிருமி இருப்பதாக முடிவு வந்தது.

"அப்போ என்னாலதான் என் கொழந்தை..." என்று ஆரம்பித்த அண்ணியை டாக்டர் முடிக்கவிடவில்லை.

"இது அசிங்கமும் இல்ல, உன் தப்பும் இல்லம்மா. நிறைய பொம்பளைங்க உடம்புல சும்மா இருக்கற கிருமி. பிரசவத்துல சில குழந்தைக்குத் தொத்திக்கும். இப்ப மருந்து குடுத்தா போயிட்டு மறுபடி வந்துடும். வலி எடுத்ததும் வந்துடு, ஊசி போடலாம். குழந்தை பொறக்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே போட்டாகணும்."

வலி எடுத்த அன்று அண்ணன் வேலையில் இருந்தான். "இப்பத்தான வலி ஆரம்பிச்சிக்கீது, பொழுது சாயட்டும். இன்னா அவசரம்?" என்றாள் என் அம்மா. ஒருநாளும் எதிர்த்துப் பேசாத அண்ணி, "இல்ல அத்த, நான் கெளம்பறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்கு நடந்தார். டவுன் பஸ் வருவதாகத் தெரியவில்லை. வந்தது அந்த ஷிப்ட் பஸ்தான்.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்திய டிரைவர், வயிற்றைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "ஏறும்மா, ஏறு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா. நேரத்தோட ஊசி போடணும்."

முன்சீட்டு ஆண்கள் எழுந்து இடம் விட்டார்கள். "ஒரு நாள் லேட்டானா ஆவட்டும், வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு நைனா" என்றார் ஒருவர். பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றது.

ஊசி நேரத்தோடு ஏறியது. விளக்கு வைத்த பிறகு பெண் பிறந்தாள். மறுநாள் முழுவதும் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ விடாமல் பால் குடித்தாள். இன்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இயந்திரச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்குமாம். எனக்கு ஆச்சரியமில்லை. பிறந்த மூன்றாம் நாள் காலையில் பசிக்கு அவள் போட்ட கூச்சலில் வார்டே விழித்துக்கொண்டது. அம்மா பதறிப்போய்த் தூக்க ஓடினாள். அண்ணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொஞ்ச நேரம் கத்தட்டும் அத்த. கேட்டுக்கினு இருக்கலாம்."