தங்கச்சிக்கு இருபத்தாறு நிமிஷம்

பஸ் டெப்போவில் டவுன் பஸ் டைம்கீப்பருக்கு முள் என்று பெயர். வைத்தவர்கள் டிரைவர்கள். கடிகார முள்ளா, காலில் ஏறுகிற முள்ளா என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூசாமல் சொல்லியிருப்பார்கள்.

கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேஜை. சுவரில் ஒரு கடிகாரம், மேஜையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. காலையில் வந்ததும் மூன்றும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று பார்ப்பார். காட்டினால் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். அவருடைய கல்யாண போட்டோவைத் தேடிப் பார்த்தாலும் அப்படி ஒரு பூரிப்பு கிடைக்காது.

எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே திரும்பும் என்று சார்ட் போடுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவர் போட்ட சார்ட்டில் ஒரு வண்டிகூட ராத்திரி வெளியில் படுத்ததில்லை. விடிந்தால் ஷெட்டிலிருந்து கிளம்பும், ஊரைச் சுற்றும், இருட்டினால் ஷெட்டுக்கே வந்துவிடும். கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஒரு வண்டி நின்றால் மனிதருக்கு வயிறு எரியும். பக்கத்து ஜன்னலில் வெளியூர் பஸ்களைப் பார்த்துக்கொள்கிற டைம்கீப்பரை அவருக்குச் சுத்தமாக ஆகாது. அந்த ஆளுடைய வண்டிகள் போன ஊரிலேயே ராத்திரி தங்கி மறுநாள்தான் வரும். "வண்டியக் கண்ட இடத்துல படுக்கப் போடுற ஆளு" என்று அவரைப் பற்றிச் சொல்வார். ஏதோ தன் குடும்பத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்.

அவராகக் கிளம்பவில்லை. அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைச் சாணை பிடித்துப் பொருத்துகிற வேலை. ஒரு முடியளவு பிசகினால் லென்ஸ் போச்சு. அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. கல்யாணம் ஆகி ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊருக்குப் போனவள் பதினோரு வருஷமாகத் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள் பெற்றாயிற்று. பெரியம்மா என்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் போனில் தெரிகிற ஒரு நெற்றியும் பாதி மூக்கும்தான். முதலாளி ஒருவழியாக ஒன்பது நாள் லீவு கொடுத்ததும் அந்த அம்மா வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "அவளப் பாக்கப் போவோங்க."

அதற்கு முள் போட்ட பிளான் இருக்கிறதே!

டெப்போவில் பஸ்ஸுக்கு அச்சடித்து வைத்திருந்த ஃபாரத்தையே எடுத்துக்கொண்டார். ஸ்கேல், சிவப்புப் பேனா, நீலப் பேனா. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு ஹோட்டல். அதை அவர் ஃபாரத்தில் "ஷெட்" என்றே எழுதினார், வெட்கமே இல்லாமல். முதல் நாள் பாரிஸ்: போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், ஈஃபில் டவரைப் பார்க்க இருபது நிமிஷம். ஏறுவது கிடையாது, கீழிருந்து பார்த்தால் தெரியாதா என்ன. இரண்டாம் நாள் ஆம்ஸ்டர்டாம், ராத்திரி ஷெட். மூன்றாம் நாள் பிரஸ்ஸல்ஸ், ராத்திரி ஷெட். நாலாம் நாளும் ஆறாம் நாளும் இன்னும் இரண்டு ஊர். அவருக்கே அந்த ஊர்ப் பெயர்களை வாசிக்க வரவில்லை, ஆனால் எத்தனையாவது பிளாட்ஃபாரம் என்பது தெரியும். ஐரோப்பாவையே டவுன் பஸ்ஸாக்கிவிட்டார்.

தங்கச்சி ஊர் ஐந்தாம் நாள். இரண்டு இடத்தில் ரயில் மாறிப் போக எட்டு மணி பத்து நிமிஷம், வர எட்டு மணி பத்து நிமிஷம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் மதியம் ஒன்று பத்துக்குப் போகலாம். ராத்திரி ஷெட்டுக்கு வரவேண்டுமென்றால் இரண்டு மணி ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

சார்ட்டை டெப்போவுக்கு எடுத்துப் போய்ப் பெருமையாகக் காட்டினார். டிரைவர்கள் சும்மா விடுவார்களா?

"சார், பாரிஸ் வழியில ஸ்டாப்பிங் உண்டா, இல்ல பாயின்ட் டு பாயின்ட்டா?"

"வீட்டம்மா படிக்கட்டுல தொங்கிட்டு வரணுமா சார்?"

"ரை...ட்! போலாம்!" என்று ஒருவன் விசில் வேறு ஊதினான்.

"பொறாமைய்யா உங்களுக்கு" என்றார் முள்.

வெளியூர் டைம்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐந்தாம் நாளையே பார்த்தார். "யோவ், இங்க எதுக்குய்யா திரும்பி வர்றே? அதான் சொந்தக்காரங்க வீடு இருக்கே. ராத்திரி ஹால்ட் அங்கயே போடு."

"உன் புத்தி வேற எங்க போகும்" என்று முள் சார்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல யோசனையை எதிரி சொல்லிவிட்டால் அது கெட்ட யோசனை. இது அந்த டெப்போவில் எழுதாத சட்டம்.

மறுநாள் காலை விசா அப்பாயின்ட்மென்ட். விசா ஃபாரத்தில் மனைவி கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று நாளாக வீட்டு மேஜையிலேயே வைத்திருந்தார், அந்த அம்மா தொடவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக் கடைக்கே போனார்.

கடையின் பின்பக்கம் தடுப்புக்கு அந்தப் புறம் சாணைச் சக்கரம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு லென்ஸின் ஓரத்தை அதில் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. நாளைக்கு ஒன்பதே காலுக்கு அங்க இருக்கணும்."

"அவ வீட்டுல எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்க?"

"அம்பது நிமிஷம்!" என்றார், கிரீடம் வைப்பதுபோல். "ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு நடக்கப் பன்னெண்டு, திரும்பி வரப் பன்னெண்டு."

"அப்ப இருபத்தாறு."

"இருபத்தாறு. செருப்பக் கழட்டி மாட்ட ஒரு ரெண்டு போகும்."

"நான் செருப்போடவே உக்காந்துக்கறேன்."

கேலி என்று முள்ளுக்குப் புரியவில்லை. "அப்படின்னா முழு இருபத்தாறும் கிடைக்கும்" என்றார்.

அந்த அம்மா சக்கரத்தை நிறுத்தினார். கடை முழுக்கச் சட்டென்று அமைதியாகிவிட்டது. முன்னால் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலையைத் திருப்பினார்.

"ஏங்க, பதினோரு வருஷம். கதவத் தொறந்ததும் அவ அழுவா, நான் அழுவேன். அதுக்கே கால் மணி நேரம் ஆகும். பதினஞ்சு போனா மிச்சம் பதினொண்ணு. அதுல அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்கறதா, அவ சமைச்சதச் சாப்பிடறதா? அழறதுக்குன்னு உங்க சார்ட்டுல எங்கயாவது டைம் போட்டிருக்கீங்களா?"

முள் சார்ட்டைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆயிற்றே.

"போடல" என்றார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல. இருபத்தாறு நிமிஷம் பாத்துட்டு வர்றதுக்குப் பாக்காமலே இருந்துடுவேன்."

சக்கரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

முள் தடுப்பை ஒட்டி, கண் சோதனைக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். விடியற்காலை ஐந்து மணி ரயிலுக்குப் பதில் நாலு பத்து ரயில் பிடித்தால்? ஒரு மணி நாற்பது நிமிஷம் வந்தது. தடுப்புக்கு மேலே எட்டி, "ஒண்ணு நாப்பது ஆக்கிட்டேன்!" என்றார். உள்ளேயிருந்து சக்கரச் சத்தம்தான் வந்தது. கடைசி நாள் ஊரைச் சார்ட்டில் அடித்துவிட்டு, ஷெட்டுக்கு நடுராத்திரி தாண்டி வந்தாலும் பரவாயில்லை என்று வைத்தார். இரண்டு மணி ஐம்பது. எட்டிப் பார்த்தார். அந்த அம்மா லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூடிய கண்ணிலிருந்து கன்னத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. துடைக்க முடியாது, இரண்டு கையிலும் லென்ஸ்.

முள் உட்கார்ந்தார். சார்ட்டை நான்காக மடித்துப் பையில் போட்டார். போனை எடுத்துத் தங்கச்சி நம்பரை அழுத்தினார். பதினோரு வருஷத்தில் அவராக அந்த நம்பருக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா? என்ன மாமா, அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருக்கா." தொண்டையைச் செருமினார். "வந்து... நாங்க வர்றோம்ல. வந்தா... தங்கறதுக்கு உங்க வீட்டுல இடம்... கஷ்டமா இருந்தா வேணாம்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார்.

"மாமா, மாடி ரூம்ல மெத்தை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. விசாவுக்கு அழைப்பு லெட்டர்கூட எழுதி அக்காவுக்கு அனுப்பிட்டேன். நீங்கதான் ஏதோ அட்டவணை போட்டிருக்கீங்க, கலைக்காதன்னு அக்கா சொன்னா."

முள் எழுந்து தடுப்பைத் தாண்டி உள்ளே போனார். அந்த இடத்துக்குள் வாடிக்கையாளர் யாரும் போகக்கூடாது, வேலை செய்பவரின் புருஷனாக இருந்தாலும்.

"லெட்டர் வந்திருக்காமே?"

"அந்த டிராயர்ல இருக்கு."

"சொல்லக்கூடாதா?"

"நீங்களா கேப்பீங்கன்னு வெச்சிருந்தேன்."

முள் போனைத் தூக்கிக் காட்டினார். "எத்தன நாள்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?" என்றார்.

"குடுங்க, நானே சொல்லிக்கறேன்."

கை முழுக்கச் சாணைத் தண்ணீரும் கண்ணாடித் தூளும். அதனால் முள்தான் போனை அந்த அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவும் தங்கச்சியும் முதலில் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பேசத் தொடங்கினார்கள். லீவு முழுக்க அங்கேதான் என்று முடிவாயிற்று. அப்புறம் மெத்தை, குளிர், சின்னவனுக்கு என்ன பிடிக்கும், பெரியவளுக்குக் கம்பளிச் சட்டை என்ன சைஸ். முள் வலது கையிலிருந்து இடது கைக்குப் போனை மாற்றிப் பிடித்தார். மறுபடி வலது கைக்கு மாற்றினார். முன்னால் ஃபிரேம் பார்த்த பெண்மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

கடைசியில் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு விசா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் கொஞ்சம் ஈரமாகிவிட்டது. முள் அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

"இல்ல... ஒரே ஒரு நாள் மட்டும் பாரிஸ்" என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"சும்மா கேட்டேன்" என்றார் முள்.