கசந்த கினோவாவும் எங்கள் அத்தானும்

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். சாப்பாட்டில் ஒரு குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பருப்பு வெந்தால் குழைந்துவிட்டது என்பார், குழையாவிட்டால் வேகவில்லை என்பார். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்போ ஹோட்டல்ல போய்ச் சாப்பிடுங்க" என்று தட்டை இழுப்பாள். அவர் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப இழுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை எகிறிவிட்டது. பணிமனை டாக்டர் வண்டியை விட்டு இறக்கிவிட்டார். "மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாப்போம். குறைஞ்சாத்தான் திரும்ப ஸ்டியரிங். இல்லேன்னா ஆபீஸ் வேலைதான்" என்றாராம். ஆயுசில் பாதியை ரோட்டில் கழித்தவரை அதுவரை டயர் கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர் கால் தரையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும்.

அரிசியைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அக்கா கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியம் வாங்கி வந்தாள். பொடிப்பொடியாக வெளுத்த மணிகள். மதியம் சோற்றுக்குப் பதில் அது, ராத்திரி தக்காளி நறுக்கிப் போட்டு சாலட்டாகவும் அதுவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாலட்டை மென்றுகொண்டிருந்தார்கள். குறை சொல்லாத அத்தானை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஒரு வாய் வைத்தேன். ஐயையோ! சோப்பை நக்கின மாதிரி ஒரு கசப்பு!

"அக்கா, இதைக் கழுவினியா?"

"எதுக்குடி? கல்லு இல்ல, தூசி இல்ல, எவ்வளவு சுத்தமா இருக்கு. கழுவினா சத்தெல்லாம் தண்ணியோட போயிடாதா?"

"கசக்குதே, உனக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? உடம்புக்கு நல்லதுன்னா கசக்கத்தான் செய்யும். அவரே வாயைத் திறக்காம சாப்பிடறாரு, நான் மட்டும் தனியா வேற ஆக்கித் தின்னா நல்லாவா இருக்கும்?"

நான் அத்தான் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தான்!"

"சொன்னா நிறுத்திடுவாளே" என்றார் மெதுவாக. "இந்தக் கசப்புதான் சர்க்கரையை இறக்கும்னு நினைச்சேன். எனக்கு வண்டி வேணும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஜாடிக்கேத்த மூடி என்று இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்! அடுக்களைக்குப் போய் ஒரு கோப்பை கினோவாவைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன். மணியின் மேல் படிந்திருந்த கசப்பெல்லாம் துணி துவைத்த மாதிரி நுரையாகப் பொங்கியது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். நுரை அடங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசினேன். ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து மூடி வேகவிட்டேன். மணிகள் சின்னச் சின்ன வால் விட்டு உதிரியாக வந்தன. ஆறியதும் வெள்ளரிக்காய், வெங்காயம், வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு.

அத்தான் ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். "புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

ருசி வந்ததும் புதுத் தலைவலி வந்தது. அவர் இன்னொரு கிண்ணம் கேட்பார், அக்கா பாத்திரத்தைத் தூக்கி மேலே வைத்துவிடுவாள். வாக்குவாதம் முற்றி, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடக்கப் போவார்கள். அந்த நடைதான் பாதி வைத்தியம் என்பேன் நான்.

மூன்று மாதம் முடிந்து, ரிசல்ட் வருகிற அன்று காலையில் போனவர் மாலைவரை ஃபோனே பண்ணவில்லை. அக்கா இருப்புக்கொள்ளாமல் என்னை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். அவர் முன்பு ஓட்டிய தடத்து பஸ் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் அத்தான்! எங்களைத் தெரியாதவர் மாதிரி நேரே ரோட்டைப் பார்த்தார், மீசை மட்டும் துடித்தது. என் கையை உதறிவிட்டு அக்கா ஏறினாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இந்த வண்டி எது வரைக்கும் போகுதோ, அது வரைக்கும் ஒண்ணு குடுங்க."